களைத்த அணியைக் குறை சொல்லுமுன் அட்டவணையைப் பாருங்கள்

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் போட்டிகளில் 2026-27 பருவத்திலிருந்து ஒவ்வோர் அணியும் 84 ஆட்டங்கள் விளையாட வேண்டும். இதுவரை அந்த எண்ணிக்கை 82. இரண்டே ஆட்டங்கள்தானே கூடுகின்றன, அதிலென்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். எனக்கும் அந்த இரண்டு ஆட்டங்கள் பெரிய கவலை இல்லை. அவை எந்த இரவுகளில், எந்த நகரங்களில், எத்தனை மணி நேர உறக்கத்துக்குப் பிறகு ஆடப்படும் என்பதுதான் என் கவலை.

நான் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் படிக்கிறேன். நம் ஊரில் பனிச்சறுக்குத் தளங்களே குறைவு என்பதால் ஐஸ் ஹாக்கியை நேரில் பார்த்துப் பழகியவர்கள் நம்மில் அதிகமில்லை. நியூயார்க்கில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை 7 அல்லது 8 மணி. பசியாறும் நேரத்தில் பார்க்கத் தொடங்கிய எனக்கு, கோல்களைவிட அட்டவணைமீதுதான் ஆர்வம் வளர்ந்தது. திங்கட்கிழமை அபாரமாக ஆடிய அணி செவ்வாய்க்கிழமை வேறொரு நகரில் கால் இழுத்துக்கொண்டு ஆடுகிறது. உடனே “இவர்களுக்கு வெற்றி வேட்கை இல்லை”, “பயிற்றுவிப்பாளரை மாற்ற வேண்டும்” என்று ரசிகர்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்த இரண்டு இரவுகளுக்கு இடையில் என்ன நடந்தது என்று கேட்பவர்கள் சிலரே.

என் கருத்து இதுதான்: சோர்வு என்பது வீரரின் மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. திறமை, உத்தி ஆகியவற்றைப் போலவே அதுவும் ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் ஓர் அம்சம். ஆனால், திறமையை வீரர்கள் வளர்த்துக்கொள்கிறார்கள். சோர்வைப் பெருமளவில் அட்டவணை போடுபவர்கள்தான் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். அப்படிப் பங்கிடும்போது நியாயம் இருக்க வேண்டும்.

45 விநாடி ஓட்டம்

ஐஸ் ஹாக்கி ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடக்கிறது. ஓர் அணியில் 18 ஆட்டக்காரர்களும் இரண்டு கோல்காப்பாளர்களும் இடம்பெறுவர். களத்தில் ஒரு நேரத்தில் ஐந்து ஆட்டக்காரர்களும் ஒரு கோல்காப்பாளரும் இருப்பார்கள். ஒருவர் பனித்தளத்தில் இறங்கினால் ஏறத்தாழ 45 விநாடிகள் முழு வேகத்தில் சறுக்கிவிட்டு வெளியே வந்துவிடுவார், அடுத்தவர் இறங்குவார். சிறந்த தற்காப்பு வீரர் ஒருவர் இப்படி ஓர் ஆட்டத்தில் 25 நிமிடங்கள்வரை ஆடுகிறார். இடையில் மோதல்கள், தடுப்புப் பலகையில் இடிபடுதல், உடம்பால் வட்டை மறித்தல் எல்லாம் உண்டு.

இந்த விளையாட்டில் சோர்வு எப்படித் தெரியும்? வீரர் மயங்கி விழுவதில்லை. தன் பகுதிக்குத் திரும்பி ஓடுவதில் அரை அடி பின்தங்குவார். வட்டு வரும் திசையை ஒரு கணம் தாமதமாகக் கணிப்பார். கால் போகாத இடத்துக்கு மட்டையை நீட்டி எதிரணி வீரரைத் தடுக்கி, இரண்டு நிமிடத் தண்டனை வாங்குவார். தொலைக்காட்சியில் பார்க்கும் நமக்கு அது கவனக்குறைவாகத் தெரியும்.

இனி அந்த இரவைக் கற்பனை செய்து பாருங்கள். ஆட்டம் இரவு பத்து மணியளவில் முடிகிறது. வியர்வை காயுமுன் செய்தியாளர் சந்திப்பு, குளியல், உணவு, பேருந்து, தனி விமானம். அடுத்த நகரின் ஹோட்டலுக்குப் போய்ச் சேரும்போது அதிகாலை இரண்டு மணியைத் தாண்டிவிடுவது சாதாரணம். கடும் ஆட்டத்துக்குப் பிறகு உடல் உடனே அடங்குவதும் இல்லை. படுத்தாலும் உறக்கம் வராது. அன்று மாலையே அடுத்த ஆட்டம். பல அணிகள் ஒரு பருவத்தில் பத்து முறைக்குமேல் இப்படி அடுத்தடுத்த இரவுகளில் ஆடுகின்றன. மொத்தமாகப் பார்த்தால், ஏறக்குறைய ஆறரை மாதங்களில் 82 ஆட்டங்கள். அதாவது இரண்டரை நாளுக்குள் ஒன்று.

வரைபடம் பெரிதானது, உடல் பெரிதாகவில்லை

1967க்கு முன் இந்த லீக்கில் ஆறே அணிகள்: பாஸ்டன், நியூயார்க், மாண்ட்ரியால், டொரோண்டோ, டெட்ராய்ட், சிகாகோ. அப்போது 70 ஆட்டங்கள். ரயிலிலேயே பெரும்பாலான பயணங்களை முடித்துவிடலாம். 1967ல் லாஸ் ஏஞ்சலிஸ், ஓக்லாந்து உட்பட ஆறு புதிய அணிகள் சேர்ந்தபோது கண்டத்தின் மறுகரைவரை வரைபடம் நீண்டது. ஆட்டங்களின் எண்ணிக்கையும் 74, 76, 78, 80 என்று ஏறிக்கொண்டே போனது. 1992 முதல் 1994 வரை இரண்டு பருவங்களுக்கு 84 ஆட்டங்கள்கூட நடந்திருக்கின்றன. பிறகு 82க்குக் குறைந்து, இப்போது மீண்டும் 84க்கு வந்திருக்கிறது.

இன்று 32 அணிகள். வடமேற்கில் வான்கூவர், தென்கிழக்கில் ஃபுளோரிடா. இடையில் நாலாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம், நான்கு நேர மண்டலங்கள். எல்லா அணிகளுக்கும் ஒரே எண்ணிக்கையில்தான் ஆட்டங்கள். ஆனால் எல்லா அணிகளுக்கும் ஒரே அளவில் பயணம் இல்லை. நியூயார்க் வட்டாரத்தில் மட்டும் மூன்று அணிகள் இருக்கின்றன. அவர்களின் வெளியூர் ஆட்டங்கள் சிலவற்றுக்கு விமானமே தேவையில்லை. மேற்கே இருக்கும் பல அணிகளுக்கோ பக்கத்து ஊர் என்பதே விமானத் தூரம்.

வின்னிபெக் ஜெட்ஸ் அணியின் கதையைப் பாருங்கள். 2011ல் அட்லாண்டா அணி கனடாவின் வின்னிபெக் நகருக்கு இடம்பெயர்ந்தது. ஆனால், பிரிவுகள் உடனே மாற்றியமைக்கப்படவில்லை. கனடாவின் நடுப்பகுதியில் இருந்துகொண்டே அந்த அணி இரண்டு பருவங்களுக்குத் தென்கிழக்குப் பிரிவில் ஃபுளோரிடா, டாம்பா பே, கரோலினா, வாஷிங்டன் அணிகளுடன் ஆடியது. 2013ல்தான் பிரிவு மாறியது. அதே ஆண்டில், நேர மண்டல வித்தியாசத்தால் நெடுங்காலம் அவதிப்பட்ட டெட்ராய்ட் அணியும் கிழக்குப் பிரிவுக்கு மாற்றப்பட்டது. காகிதத்தில் ஒரு கோட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினால் எத்தனை இரவுகளின் உறக்கம் கூடும் அல்லது குறையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

எண்கள் சொல்வது

ஓய்வெடுத்த அணியும் முந்தைய இரவு ஆடிவிட்டு வந்த அணியும் மோதினால், பின்னது வெல்லும் வாய்ப்பு குறைகிறது என்பதை ஆட்டப் புள்ளிவிவரங்களைத் தொகுப்பவர்கள் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். கோல்காப்பாளர்கள் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. ஒரே கோல்காப்பாளரை அடுத்தடுத்த இரவுகளில் நிறுத்தினால் அவர் வட்டைத் தடுக்கும் விகிதம் சரிகிறது என்று வாதிட்டவர்களில் ஒருவர் எரிக் டல்ஸ்கி. புள்ளிவிவர ஆய்வாளராக எழுதத் தொடங்கிய அவர், 2024ல் கரோலினா ஹரிகேன்ஸ் அணியின் பொது மேலாளராகவே ஆகிவிட்டார்.

அணிகளும் பாடம் கற்றுக்கொண்டன. 1995-96 பருவத்தில் செயின்ட் லூயிஸ் கோல்காப்பாளர் கிராண்ட் ஃபியூர் 82ல் 79 ஆட்டங்களில் களமிறங்கினார். 2006-07ல் நியூ ஜெர்சியின் மார்ட்டின் புரோடோர் 78 ஆட்டங்கள் ஆடினார். இன்று முன்னணி கோல்காப்பாளர்கள்கூட பெரும்பாலும் 65ஐத் தாண்டுவதில்லை. அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம் என்றால் இரண்டாவது இரவு மாற்று கோல்காப்பாளருக்கு என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. அணிகள் சோர்வை நம்பாவிட்டால் தங்கள் சிறந்த கோல்காப்பாளரை ஏன் இருக்கையில் உட்கார வைக்கப் போகின்றன?

பயணத்தின் திசையும் முக்கியம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1992 முதல் 2011 வரையிலான 20 ஆண்டுகளில் நடந்த 46,000க்கும் மேற்பட்ட அமெரிக்க பேஸ்பால் ஆட்டங்களை ஆராய்ந்து 2017ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நேர மண்டலங்களைக் கடந்த அணிகளின் ஆட்டத்தில் பாதிப்பு இருந்தது. மேற்கிலிருந்து கிழக்கே பறந்தவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. நம் உடல் கடிகாரம் பொதுவாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது. அதனால் தாமதமாகத் தூங்குவதற்குப் பழகுவது எளிது. சீக்கிரம் தூங்கப் பழகுவது கடினம். பேஸ்பால் வேறு, ஐஸ் ஹாக்கி வேறுதான். ஆனால் இரண்டையும் ஆடுவது அதே மனித உடல்தான்.

“கொஞ்சம் சரிவுதானே, பெரிய வித்தியாசமா?” என்று கேட்பவர்களுக்கு 2022-23 பருவத்தின் புள்ளிப் பட்டியலைக் காட்டுவேன். கிழக்கில் கடைசி அணியாகப் பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்த ஃபுளோரிடா பேந்தர்ஸ் எடுத்தது 92 புள்ளிகள். வெளியே நின்ற பிட்ஸ்பர்க், பஃபலோ இரண்டும் தலா 91 புள்ளிகள். கூடுதல் நேரத்தில் தோற்றாலே ஒரு புள்ளி கிடைக்கும் போட்டி இது. அப்படி ஒரு புள்ளியில் தப்பிய ஃபுளோரிடா, 65 வெற்றிகளுடன் சாதனை படைத்திருந்த பாஸ்டனை முதல் சுற்றிலேயே வெளியேற்றி, இறுதிப்போட்டிவரை சென்றது. ஆறரை மாத உழைப்பு ஒரே புள்ளியில் தீர்மானிக்கப்படும்போது, களைத்த ஓர் இரவு சிறிய விஷயம் அல்ல.

மறுப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு

நல்ல அணி எந்தச் சூழ்நிலையிலும் வெல்லும் என்பது முதல் வாதம். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2021 மார்ச் இறுதியில் வான்கூவர் கனக்ஸ் அணியில் கொவிட்-19 பரவி 20க்கும் மேற்பட்ட வீரர்கள் பாதிக்கப்பட்டார்கள். அவர்கள் குணமடைந்ததும் 31 நாள்களில் 19 ஆட்டங்களை முடிக்க வேண்டும் என்று திட்டமிடப்பட்டது. இது பாதுகாப்பானதல்ல என்று ஜே.டி. மில்லர் வெளிப்படையாகப் பேசிய பிறகு, களம் திரும்பும் தேதி சில நாள்கள் தள்ளிவைக்கப்பட்டது. ஏப்ரல் 18ஆம் தேதி களம் திரும்பிய வான்கூவர், பலம்வாய்ந்த டொரோண்டோவைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வீழ்த்தியது! இரண்டு நாள் கழித்து மீண்டும் அதே டொரோண்டோவை 6-3 என்று வென்றது.

“பார்த்தீர்களா, மனம் இருந்தால் மார்க்கம் உண்டு” என்று அன்று பலர் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் பருவம் முடிந்தபோது ஏழு அணிகள் கொண்ட அந்தப் பிரிவில் வான்கூவர் கடைசி இடத்தில் இருந்தது. அதற்கு நெருக்கடியான அட்டவணை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நோய்க்கு முன்பும் அந்த அணி சிறப்பாக ஆடவில்லை. நான் சொல்ல வருவது வேறு. உணர்ச்சிவேகம் ஓர் இரவை வெல்ல உதவும், இரண்டு இரவுகளையும் வெல்ல உதவும். அதை நம்பி ஒரு மாத அட்டவணையைப் போட முடியாது.

அதிகம் ஆடும் அணிகள்தானே கிண்ணத்தையும் வெல்கின்றன என்பது இரண்டாவது வாதம். ஃபுளோரிடா 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை இறுதிப்போட்டிக்கு வந்து, கடைசி இரண்டிலும் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. உண்மைதான். சோர்வு வெற்றியைத் தடுத்தே தீரும் என்பது என் வாதம் அல்ல. அதற்கொரு விலை உண்டு என்பதே என் வாதம். அந்த அணியின் மேத்யூ டகாச்சுக் 2025 பிப்ரவரியில், பருவத்தின் நடுவே செருகப்பட்ட நான்கு நாடுகள் போட்டியில் காயமடைந்தார். காயத்துடனேயே பிளே-ஆஃப் ஆடிக் கிண்ணத்தைத் தூக்கினார். ஆகஸ்டில் அறுவை சிகிச்சை. அடுத்த பருவத்தின் தொடக்கத்தை இழந்தார். இந்த விளையாட்டில் இப்படி வலியைத் தாங்கிக்கொண்டு ஆடுவதைப் பெருமையாகப் பேசும் வழக்கம் உண்டு. பாஸ்டனின் பேட்ரிஸ் பெர்ஜரான் 2013 இறுதிப்போட்டியில் முறிந்த விலா எலும்புடனும் துளைபட்ட நுரையீரலுடனும் ஆடியதை இன்றும் வீரக் கதையாகச் சொல்கிறார்கள். அவருடைய துணிச்சலை நானும் வியக்கிறேன். ஆனால், அந்தக் கதையைக் கேட்டு வளரும் 20 வயது வீரர் ஒருவர் “எனக்குக் களைப்பாக இருக்கிறது, இன்று ஓய்வு வேண்டும்” என்று எப்படி வாய் திறப்பார்?

மூன்றாவது வாதம்தான் எனக்குக் கடினமானது. 84 ஆட்டங்களுக்கு வீரர்கள் சங்கமே ஒப்புக்கொண்டது. வருமானம் உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்படுவதால், கூடுதல் ஆட்டம் என்றால் வீரர்களுக்கும் கூடுதல் பணம். அதற்கு ஈடாகப் பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் நான்காகக் குறைக்கப்பட்டுள்ளன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சுமை ஏறவில்லை என்கிறார்கள். ஆனால் பயிற்சி ஆட்டங்களில் மூத்த வீரர்கள் சிலவற்றில்தான் தலைகாட்டுவார்கள். புள்ளிகளும் இல்லை, அதே மூர்க்கமும் இல்லை. செப்டம்பரில் ஆடும் ஒரு பயிற்சி ஆட்டத்தையும் மார்ச் மாதத்தில் புள்ளிக்காக முட்டி மோதும் ஓர் ஆட்டத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஓய்வும் அதிகமானால் ஆபத்து என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2016-17 பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஐந்து நாள் கட்டாய விடுப்பு அறிமுகமானபோது, திரும்பி வந்த வீரர்கள் மந்தமாக ஆடுவதாகப் பயிற்றுவிப்பாளர்கள் குறைபட்டார்கள். ஐந்து நாள் ஓய்வை ஓரிடத்தில் கொட்டிவிட்டு, மீதி வாரங்களில் ஆட்டங்களை நெருக்கி அடுக்கினால் அப்படித்தான் ஆகும். மொத்த ஓய்வைவிட, அது எப்படிப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது என்பதே முக்கியம்.

என்ன செய்யலாம்?

குறை சொல்வதோடு நிறுத்தினால் இந்தக் கட்டுரைக்குப் பயனில்லை. எனக்குத் தோன்றும் வழிகள் மூன்று.

முதலாவது, ஓர் அணி முந்தைய இரவு ஆடிவிட்டு வருகிறது என்றால், எதிரணியும் அதே நிலையில் இருக்க வேண்டும். இருவரும் களைத்திருந்தால் அது போட்டி. ஒருவர் மட்டும் களைத்திருந்தால் அது அட்டவணை கொடுத்த பரிசு.

இரண்டாவது, ஒரே நகரில் தொடர்ந்து இரண்டு ஆட்டங்களை நடத்தலாம். இது கனவுத் திட்டம் அல்ல. கிருமித்தொற்றுக் காலத்தில், 56 ஆட்டங்கள் கொண்ட 2020-21 பருவத்தில், அணிகள் ஒரே ஊரில் ஒரே எதிரணியுடன் இரண்டு ஆட்டங்கள் ஆடிவிட்டுத்தான் பெரும்பாலும் கிளம்பின. அரங்குகளைக் கூடைப்பந்து அணிகளுடனும் இசை நிகழ்ச்சிகளுடனும் பகிர்ந்துகொள்வதால் தேதிகள் கிடைப்பது சிரமம் என்பார்கள். எல்லா ஆட்டங்களுக்கும் வேண்டாம். கண்டத்தைக் கடக்கும் பயணங்களுக்காவது இதைச் செய்யலாமே.

மூன்றாவது, ஒவ்வோர் அணிக்கும் எத்தனை ஓய்வு நாள்கள், எவ்வளவு பயணத் தூரம், எத்தனை நேர மண்டலக் கடப்புகள் என்பதைப் பருவம் தொடங்குமுன் லீக்கே அதிகாரபூர்வமாக வெளியிட்டு, வித்தியாசத்துக்கு விளக்கமும் தர வேண்டும். இப்போது ரசிகர்கள் தாங்களாகவே கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். வசதியுள்ள அணிகள் சொந்தமாக வழி தேடிக்கொள்கின்றன. வான்கூவர் அணி உறக்க வல்லுநர்களை அமர்த்தி, வீரர்களின் தூக்கத்தை அளந்து, பயண நேரங்களை அதற்கேற்ப மாற்றிப் பார்த்தது. அந்த முயற்சி நடந்த ஆண்டுகளில், 2010-11 பருவத்தில், லீக்கிலேயே முதலிடம் பிடித்து, இறுதிப்போட்டியின் ஏழாவது ஆட்டம்வரை சென்றது. அந்த முதலிடம் உறக்கத்தால் மட்டும் வந்ததல்ல. ஆனால் ஒரு சிறந்த அணி உறக்கத்தையும் உத்தியாகக் கருதியது என்பது கவனிக்கத்தக்கது.

இதை ஏன் இளையர் பக்கத்தில் எழுதுகிறேன்? நம்மைச் சுற்றியும் இதே பேச்சு கேட்கிறது. தேர்வு, குழுப் பணி, பகுதிநேர வேலை, இணைப்பாட நடவடிக்கை எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழும்போது தடுமாறும் நண்பரை “சோம்பேறி” என்கிறோம். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு வந்தவரைப் பாராட்டுகிறோம். தொழில்முறை விளையாட்டில் சிறந்த மருத்துவர்களும் சமையல்காரர்களும் தனி விமானமும் இருக்கிறார்கள். அத்தனை வசதி இருந்தும் அந்த உடல்கள் அட்டவணைமுன் தோற்கின்றன என்றால், விரைவு ரயிலில் நின்றுகொண்டே தூங்கும் நாம் எம்மாத்திரம்? சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நம் முன்னோர் சொன்னதை அணி மேலாளர்களும் வாரத் திட்டம் போடும் நாமும் ஒருசேர நினைவில் வைக்க வேண்டும்.

84 ஆட்டங்கள் என்ற முடிவு இனி மாறப்போவதில்லை. ஆனால் அந்த 84 ஆட்டங்களை எந்த நாளில், எந்த ஊரில், எத்தனை நாள் இடைவெளியில் வைப்பது என்பது ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எடுக்கப்படும் முடிவு. அடுத்த முறை நீங்கள் விரும்பும் அணி, எந்த விளையாட்டானாலும் சரி, சோர்ந்து ஆடித் தோற்றால், வீரர்களைத் திட்டுமுன் முந்தைய நான்கு நாள்களின் அட்டவணையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுவாகவும் இருக்கலாம்.